ராஜ வீதியில் நடப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு

பழைய ஊர்களை நடந்தே சுற்றிப் பார்ப்பது இப்போது நல்ல வழக்கமாகப் பரவிவருகிறது. மரபு நடை என்கிறார்கள், ஹெரிடேஜ் வாக் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது பேர் சேர்ந்து கிளம்புகிறார்கள். கோயில், கோட்டை, அரண்மனை, குளம், கல்வெட்டு என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஒருவர் விளக்குகிறார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே படம் எடுக்கிறார்கள். வரலாற்றைப் பாடப்புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்ததற்காகவே இந்த நடைகளை வரவேற்க வேண்டும்.

புதுக்கோட்டை இதற்குப் பொருத்தமான ஊர். கிழக்கே பொற்பனைக்கோட்டை, வடக்கே திருக்கோகர்ணம், நடுவே தொண்டைமான்கள் கட்டிய நகரம், வடமேற்கே சித்தன்னவாசல் என்று இரண்டாயிரம் ஆண்டு வரலாறு ஒரு பகல் பொழுதுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் நடப்பதற்கே சட்டம் தேவைப்பட்ட மக்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பொதுத் தெருவில் நடக்கலாம், பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பு சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று மரபு நடைக்கு வந்தால் அவர்களுக்கு என்ன சொல்லப்படுகிறது? தெருவையும் தண்ணீரையும் பற்றிய இந்தக் கேள்வியோடு புதுக்கோட்டையை ஒருமுறை நடந்து பார்ப்போம்.

பொற்பனைக்கோட்டை: அகழியும் நடுகல்லும்

புதுக்கோட்டை என்ற பெயரே ஒரு பழைய கோட்டையை நினைவூட்டுகிறது. நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொற்பனைக்கோட்டையில் இன்றும் வட்டமான மண்மேடு தெரியும். அது கோட்டைச் சுவர். அதைச் சுற்றி அகழி. தமிழ்நாடு தொல்லியல் துறை 2023-இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. செங்கல் கட்டுமானம், பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், சூதுபவள மணி, எலும்பால் செய்த கூர்முனைக் கருவி, சிறிய தங்க அணி என்று கிடைத்தவை எல்லாம் சங்க காலத்தில் இங்கே ஒரு கோட்டையும் அதற்குள் வாழ்க்கையும் இருந்ததைக் காட்டுகின்றன. அதற்கு முன்பே, 2012-இல், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் இந்த ஊரில் கண்டெடுக்கப்பட்டது.

நடுகல் என்பது போரிலோ ஆநிரை காக்கும் சண்டையிலோ விழுந்தவனுக்கு ஊரார் வைத்த கல். புறநானூற்றின் 335-ஆவது பாடல் நடுகல்லைத்தான் வணங்கத்தக்க தெய்வமாகச் சொல்கிறது. அதே பாடல் பாணனையும் பறையனையும் சிறந்த குடிகளின் வரிசையில் வைத்துப் பேசுகிறது. பறை என்பது அன்று ஒரு கருவியின் பெயர், அதை முழக்கியவரின் குடிப்பெயர். இழிவின் பெயராக அது அந்தப் பாடலில் இல்லை.

இதை வைத்துக்கொண்டு சங்க காலத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை, பொற்காலம் என்று நான் வாதாட வரவில்லை. கோட்டை இருந்தால் உள்ளே இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பிரிவும் இருக்கும். அகழி வெட்டியவர்கள் ஒருவராகவும் அகழிக்குள் பாதுகாப்பாக இருந்தவர்கள் வேறொருவராகவும் இருந்திருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். தீண்டாமை ஆதியிலிருந்தே வந்தது, மாற்ற முடியாதது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, அதற்கு எதிரான சான்று நமது ஊரின் அடித்தளத்திலேயே கிடக்கிறது. தீண்டாமைக்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உள்ள எதற்கும் முடிவும் உண்டு.

திருக்கோகர்ணம்: பாறைக்குள் கோயில்

பழைய கோட்டையிலிருந்து அடுத்து நகரின் வடக்குப் பக்கம், திருச்சி சாலையில் உள்ள திருக்கோகர்ணத்துக்கு வருவோம். புதுக்கோட்டை நகரம் உருவாகும் முன்பே இது பெயர்பெற்ற ஊர். இங்குள்ள கோகர்ணேசுவரர் கோயிலின் கருவறை பாறையைக் குடைந்து செய்தது. 7, 8-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த குடைவரைகளில் ஒன்று. அதற்கு முன்னால் வெவ்வேறு காலத்து மண்டபங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நீண்டுகொண்டே வந்திருக்கின்றன. வாசலில் இருந்து உள்ளே போகப் போக நாம் காலத்தில் பின்னால் போகிறோம். கட்டடக் கலையைச் சொல்லித்தர இதைவிட எளிய வகுப்பறை கிடையாது.

இங்குள்ள பிரகதாம்பாள்தான் தொண்டைமான் அரசர்களின் குலதெய்வம். அரசர்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வெளியிட்ட சின்னச் செப்புக் காசில் ஒரு பக்கம் அம்மன் உருவம், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அதுதான் அம்மன் காசு. அதனால் அம்மனுக்கே அரைக்காசு அம்மன் என்று பெயர் வந்துவிட்டது. நவராத்திரி நாட்களில் அரிசியோடு இந்தக் காசும் தானமாக வழங்கப்பட்டது. சமஸ்தானத்தின் அதிகாரம், பக்தி, தானம் மூன்றும் அந்தச் சின்னக் காசுக்குள் இருந்தன.

அமெரிக்க மானுடவியலாளர் நிக்கோலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை ஆய்வு செய்து 1987-இல் ஒரு நூல் எழுதினார். சமூகவியல் படித்தபோது எங்களுக்கு அது முக்கியமான வாசிப்பு. சாதி என்பது வெறும் தீட்டு, தூய்மை பற்றிய நம்பிக்கையாக மட்டும் இயங்கவில்லை என்பது அவருடைய வாதம். யாருக்கு எவ்வளவு மானிய நிலம், யாருக்குக் கோயிலில் முதல் மரியாதை, யார் அரசனுக்கு எவ்வளவு நெருக்கம் என்பவை சாதியின் உயரத்தை நிர்ணயித்தன என்று காட்டினார். அதாவது சாதி, அரசியலால் கட்டப்பட்டது. நமக்கு இது பயனுள்ள பார்வை. ஆனால் அந்த மரியாதைப் பட்டியலின் கடைசிப் பெயருக்கும் கீழே, கோயில் வாசலுக்கும் வெளியே நின்றவர்களிடமிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். எந்த அரசன் வந்தாலும், எந்த மரியாதை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறினாலும், வெளியே நின்றவர்கள் வெளியேதான் நின்றார்கள்.

சேரி என்ற சொல்லின் அடுக்குகள்

கட்டடத்துக்கு அடுக்குகள் இருப்பதுபோலச் சொல்லுக்கும் உண்டு. சேரி என்பது முதலில் சேர்ந்து வாழும் இடம் என்ற பொருளிலேயே வழங்கியது. சோழர் காலத்துப் பிரமதேய ஊர்களில் பிராமணர்கள் வாழ்ந்த பகுதிகளும் சேரி என்றே அழைக்கப்பட்டன. அந்தச் சொல்லில் அப்போது இழிவு ஏதும் இல்லை.

பக்கத்துத் தஞ்சாவூரில் முதலாம் ராசராசனின் கல்வெட்டுகளைப் பாருங்கள். 1010-இல் முடிந்த பெரிய கோயிலுக்காக எழுதப்பட்டவை. கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு. சில இடங்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று அளந்து பிரிக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அரசாங்கமே எழுதிவைத்த சாட்சி இது. நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்றதைச் சொல்லும் கல்வெட்டுகளும் தமிழ்நாட்டில் கிடைத்திருக்கின்றன.

பெரிய கோயிலின் விமான உயரத்தை வியந்து பேசும் எல்லோரும் அதே கோயிலின் சுவரில் உள்ள இந்தச் சொற்களையும் படிக்க வேண்டும். இரண்டையும் வெட்டியது ஒரே காலத்து உளிதான்.

ராஜ வீதிகள்: நேரான தெருக்களின் நகரம்

இனி நகரத்துக்குள் வருவோம். தொண்டைமான் அரசு 1686-வாக்கில் இரகுநாதராயத் தொண்டைமானோடு தொடங்குகிறது. நாம் இன்று பார்க்கும் நேரான தெரு அமைப்பு 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. நடுவில் பழைய அரண்மனை. அதைச் சுற்றி நான்கு திசையிலும் ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே கீழ 2-ஆம் வீதி, 3-ஆம் வீதி, 4-ஆம் வீதி என்று எண்ணிட்டுப் போகும் தெருக்கள். புதிதாக வருபவர்கூட வழி தவற முடியாது. சாந்தநாத சுவாமி கோயிலும் அதை ஒட்டிய பல்லவன் குளமும் இந்த அமைப்புக்குள் வருகின்றன.

1878-இல் திவானாக வந்த அ. சேஷய்யா சாஸ்திரி, 1894 வரை திவானாகவும் அரசரின் இளமைக் காலத்தில் ஆட்சிப் பொறுப்பாளராகவும் இருந்தார். தெருக்களை அகலப்படுத்தியது, குளங்களைத் தூர்வாரியது, பொதுக் கட்டடங்கள் எழுப்பியது, கோயில்களைச் செப்பனிட்டது எல்லாம் அவர் காலத்துப் பணிகளாகச் சொல்லப்படுகின்றன. நவீன புதுக்கோட்டையின் சிற்பி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். நகரம் சுத்தமாக இருக்க வேண்டும், குடிதண்ணீர் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு நிர்வாகி நினைத்தது நல்ல விஷயம்தான். அதை மறுக்க வேண்டியதில்லை.

மாலைநேரப் படிப்பகத்துப் பிள்ளைகளை ஒருமுறை இந்த வீதிகளுக்குக் கூட்டிப் போனேன். ஒரு தாளில் அரண்மனை, நான்கு ராஜ வீதி, கோயில், குளம் என்று வரைந்து காட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் கேட்டாள்: "அக்கா, இதுல நம்ம ஆளுங்க தெரு எங்கக்கா இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. திவான் தூர்வாரச் சொன்னார் என்று எழுதுகிறோம். தூர்வாரியவர்கள் யார்? சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்கள் யார்? தெருக்களை நாள்தோறும் பெருக்கியவர்கள், செத்த மாட்டை அகற்றியவர்கள், சாவுக்குப் பறையடித்தவர்கள், மனித மலத்தைக் கூடையில் சுமந்து வெளியே கொண்டுபோனவர்கள் யார்? இவர்கள் இல்லாமல் அந்த நேரான தெருக்களில் ஒரு வாரம்கூட யாரும் குடியிருந்திருக்க முடியாது. நகரத்தின் சுத்தம் என்ற பெருமை ஒருவருக்குப் போனது, அந்தச் சுத்தத்தைச் செய்த கைகளுக்கு அசுத்தம் என்ற பெயர் வந்தது. தூர்வாரிய குளத்தில் தண்ணீர் நிறைந்த பிறகு அதே கைகள் அதில் தண்ணீர் அள்ள முடிந்ததா என்பதுதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்குள் இருக்கும் கேள்வி.

தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுத் தெருவில் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடம் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25-இல் அது அரசாணை ஆனது. இன்று வாசிக்கும் பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தெருவில் நடக்க அரசாணையா என்பார்கள். ஆமாம், அரசாணைதான்.

அதே ஆண்டு மார்ச் 30-இல் வைக்கத்தில் போராட்டம் தொடங்கியது. கோயிலுக்குள் நுழையக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் சிறை சென்றது அதற்காகத்தான். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தெரு, குளம் என்ற இரண்டுக்காகவும் நாட்டின் மூன்று மூலைகளில் நான்கு ஆண்டுகளுக்குள் நடந்தவை இவை.

இதில் புதுக்கோட்டையின் நிலை தனி. இது சமஸ்தானம். சென்னை மாகாணத்துக்குள் இருந்தும் அதன் ஆட்சிக்கு வெளியே இருந்தது. சென்னைச் சட்டமன்றம் போடும் தீர்மானம் சமஸ்தானத்தின் எல்லைக் கல்லைத் தாண்டித் தானாக உள்ளே வராது. 1892-இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப் போட்ட ஆணை, நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது, அதுவும் மாகாணத்துக்கானதுதான். இன்றைய மாவட்டத்தில் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்த அறந்தாங்கிப் பகுதிக்கு ஒரு வரலாறு, சமஸ்தானத்துக்குள் இருந்த பகுதிக்கு வேறொரு வரலாறு. மன்னராட்சியை ஏக்கத்தோடு நினைவுகூரும் கட்டுரைகளில் இந்த வேறுபாடு வருவதில்லை. நம் மக்களுக்கு இது சின்ன வேறுபாடு அல்ல. மாகாணத்தில் இருந்தவர்களுக்குக் காகிதத்திலாவது ஒரு உரிமை இருந்தது. சமஸ்தானத்தில் இருந்தவர்களுக்கு மன்னரின் மனசு இருந்தது.

மன்னரின் மனசு சிலருக்கு வழிவிட்டதும் உண்டு. 1886-இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு அமர்ந்து படிக்க மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். அவருடைய அம்மா இசைவேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். எதிர்ப்பை மீறி அந்த அனுமதி கிடைத்தது. அவர் மருத்துவராகி, சட்டமன்றத்துக்குப் போய், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். அந்தக் கதவு திறந்தது மகத்தான விஷயம். ஆனால் அனுமதி ஒருவருக்குக் கிடைப்பது, உரிமை எல்லோருக்குமானது. சேரியில் பிறந்த எத்தனை பெண்களுக்கு அந்தக் கல்லூரி வாசல் தெரிந்திருக்கும்?

1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆவது பிரிவைத் திறந்து படியுங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. உலகத்தின் பெரிய சட்டப் புத்தகம் ஒன்றில் படித்துறை என்ற சொல் ஏன் வர வேண்டும்? நமது பாட்டன் பாட்டிகள் படித்துறையில் இறங்க முடியாமல் நின்றதால் வந்தது.

அரண்மனை வாசலில் மனுவோடு

புதுக்கோட்டையின் புது அரண்மனை இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம். குவிமாடமும் வளைவுகளும் கருங்கல்லுமாக அழகான கட்டடம். 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது அது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் ஆனது. மரபு நடையில் வருபவர்கள் பொதுவாக அதன் தூண்களையும் வளைவுகளையும் பார்ப்பார்கள். நான் திங்கட்கிழமைகளில் வரச் சொல்வேன். அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

வரிசையில் நிற்பவர்களின் கையில் உள்ள மனுக்களைப் பாருங்கள். வீட்டுமனைப் பட்டா. சுடுகாட்டுக்குப் பாதை. குடிதண்ணீர்க் குழாய். தெருவிளக்கு. ராசராசன் கல்வெட்டின் பட்டியலில் இருந்த அதே இனங்கள்தான்: நத்தம், குளம், சேரி, சுடுகாடு. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தப் பட்டியல் முடியவில்லை. ஆனால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அரண்மனைப் படியில் சேரிக்காரர் மனுவோடு ஏறி நிற்கிறார், ரசீது கேட்டு வாங்குகிறார். இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் குவிமாடத்தைவிட முக்கியமான அடுக்கு இதுதான் என்பது என் கருத்து.

ஓவியத்துக் குளமும் வேங்கைவயல் தொட்டியும்

நகரத்திலிருந்து வடமேற்கே அன்னவாசல் பக்கம் போனால் சித்தன்னவாசல். குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளும் கிறித்து பிறப்புக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தும் இருக்கின்றன. கீழே அறிவர் கோயில் என்ற குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் ஒரே குளத்துக்குள் இருக்கின்றன. சமணர்களின் சமவசரணம், அதாவது எல்லா உயிரும் கூடி அறம் கேட்கும் இடம், அதற்குப் போகும் வழியில் உள்ள குளம் அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். ஓவியம் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. எந்த உயிரையும் தள்ளிவைக்காத ஒரு நீர்நிலையை இந்த மண்ணில் ஒருவர் கற்பனை செய்து வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்.

அதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பர் 26 அன்று, அங்கே பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்த பிறகுதான் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். விசாரிக்கப் போன அதிகாரிகளிடம் மக்கள் வேறு கதைகளையும் சொன்னார்கள். பக்கத்து இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் நுழைய முடியாது. அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு அந்த மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். கடைக்காரர்மீது வழக்குப் பதிவானது.

தொட்டி வழக்கு 2023 ஜனவரியில் சிபிசிஐடிக்கு மாறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். வேங்கைவயல் மக்கள் அதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டார்கள். தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி மக்கள் பயன்படுத்தும் தண்ணீரை மாசுபடுத்துவதைத் தனிக் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது. அவர்கள் வழக்கமாக நடக்கும் பாதையைத் தடுப்பதையும் தனிக் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது. 1924-இல் தீர்மானம், 1950-இல் அரசமைப்பு, 1989-இல் வன்கொடுமைச் சட்டம். மூன்றிலும் அதே இரண்டு சொற்கள்: வழி, தண்ணீர்.

சித்தன்னவாசலுக்குச் சுற்றுலாப் பேருந்து போகிறது. வேங்கைவயலுக்குக் காவல்துறை வாகனம் போகிறது. இரண்டும் ஒரே ஒன்றியத்தின் சாலைகள்தான். ஒன்றை மரபு என்றும் மற்றொன்றைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்றும் பிரித்துப் பேசும் வரைக்கும் நாம் இந்த மாவட்டத்தின் வரலாற்றைப் பேசவில்லை.

சைக்கிளில் வந்தவர்கள்

இந்தத் தெருக்களில் எனக்குப் பிடித்த அடுக்கு 1990-களின் தொடக்கத்தில் உருவானது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாலையில் வேலை முடித்து வந்து எழுத்துப் படித்த பெண்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள். விவசாயக் கூலிகள், கல்லுடைப்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகம் அறிந்தது. கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கே எடுத்தார்கள்.

மாவட்டத்தின் கோயிலும் கோட்டையும் அரண்மனையும் கருங்கல்லால் ஆனவை. அந்தக் கல்லை உடைத்தவர்களின் வம்சத்தில் முதல்முறையாகச் சிலர் கல்லுக்குக் கணக்கு எழுதினார்கள், பாறையின் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு சைக்கிளில் ஏறி, யாரிடமும் வழி கேட்காமல், யாருக்கும் ஒதுங்கி நிற்காமல் ராஜ வீதியில் போனார்கள். இதற்கு நினைவுச் சின்னம் எங்கே?

பலகையில் என்ன எழுதப்போகிறோம்?

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றவும் ஆணை வந்திருக்கிறது. சொல்லில் இருக்கும் இழிவு போக வேண்டும். முகவரி எழுதும்போது ஒரு பிள்ளை கூனிக்குறுகக் கூடாது. ஆகவே இதை வரவேற்கிறோம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றுவதோடு அந்த இடத்தின் வரலாறும் சேர்ந்து அழிந்துவிடக் கூடாது. இழிவை நீக்குவது வேறு, சாட்சியை நீக்குவது வேறு.

திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. முதுமக்கள் தாழியிலிருந்து அம்மன் காசு வரை அங்கே உண்டு. அதில் ஒரு அறை இந்த வரலாற்றுக்கு வேண்டும். 1924 அரசாணையின் நகல், பறைச்சேரி என்று எழுதிய கல்வெட்டின் படி, இரட்டைக் குவளையில் ஒன்று, அறிவொளிப் பெண் ஒருவரின் சைக்கிள், அவர் முதன்முதலில் எழுதிப் பழகிய சிலேட்டு. பல்லவன் குளக்கரையில் வைக்கும் தகவல் பலகையில், இதை யார் தூர்வாரச் சொன்னார் என்பதோடு, யார் இதில் தண்ணீர் எடுக்கத் தடுக்கப்பட்டார்கள், எந்தச் சட்டத்தால் உரிமை பெற்றார்கள் என்பதையும் எழுத வேண்டும். பொற்பனைக்கோட்டையில் காட்சிக்கூடம் அமைந்தால் நடுகல்லின் கதையைச் சங்கப் பாடலின் குடிகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவை எதற்கும் பெரிய செலவு ஆகாது. அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். மரபு நடை நடத்தும் நண்பர்கள் அடுத்த நடையிலேயே தொடங்கலாம். சேரிக் குடியிருப்பின் பெரியவர் ஒருவரையும் விளக்கம் சொல்ல அழையுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார், எந்தக் கிணற்றடியில் ஊற்றுபவருக்காகக் காத்திருந்தார் என்று அவர் இடத்தைக் காட்டிச் சொல்வார். அந்தத் தலைமுறை வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது. கல்வெட்டு இன்னும் ஆயிரம் ஆண்டு இருக்கும், அந்தப் பாட்டி இருக்க மாட்டார்.

"நம்ம ஆளுங்க தெரு எங்க இருந்துச்சு" என்று கேட்ட பிள்ளைக்கு, இந்த ஊரின் எல்லாத் தெருவும் உன்னுடையது என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை அந்தத் தெருவில் நின்றே அவளுக்குச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.